பெரியவர் நிக்கிறார்

போன கிழமை தோட்டவெளியில் என் வீடு தேடி இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் பூங்காவில் புதிதாக வழிகாட்டிகளாகச் சேர்ந்தவர்கள். சிலாவத்துறைக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டினால் தொடங்குகிற அந்தப் பூங்காவின் பெயரை நான் எழுதத் தேவையில்லை. மன்னாரில் அதைத் தெரியாதவர் இல்லை. அங்கேதான் நானும் வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றேன்.

வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே புதினம் சொன்னார்கள். புது வோக்கி டோக்கி வந்திருக்கிறதாம். இனிமேல் அதில் மிருகங்களின் பெயரே சொல்லத் தேவையில்லையாம், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் ஒருவர் கேட்டார்.

"தாசண்ணை, கோவிக்கக்கூடாது. காட்டில வேலை செய்த பழைய ஆக்கள் எல்லாரும் ஆனையைப் 'பெரியவர்' எண்டுதானே சொல்லுறவை. நீங்கள் மட்டும் பட்டெண்டு 'ஆனை' எண்டுதான் சொல்லுவியளாம். ஏன் அப்பிடி? உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயமோ? எனக்கோ? தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்று வாயை அடைத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் படலையைத் தாண்டிய பிறகு மனசு கேட்கவில்லை. கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கு வாயால் பதில் சொல்லப் போனால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் கரையூர்ப் பிள்ளை. வலை இழுக்கத் தெரியும், காட்டில் கிழக்கும் மேற்கும் தெரியாது. திணைக்களத்தில் கொஞ்ச நாள் வகுப்பு வைத்தார்கள், காக்கி உடுப்புத் தந்தார்கள், ஒரு சான்றிதழ் தந்தார்கள். காட்டைக் காட்டித் தந்தது வேலாயுதண்ணை. நானாட்டான் பக்கத்தில் வயல் செய்கிற குடும்பத்து மனிதர். என்னைவிட மூத்த வழிகாட்டி. வாயில் எப்போதும் வெற்றிலை, காலில் ஒருபோதும் சப்பாத்து இல்லை.

அவர் முதல் நாளே இரண்டு விசயம் சொன்னார். காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கொப்பு முறித்து மரத்தில் தொங்கவிட்டு, "ஐயனாரே, போயிட்டு வாறம், பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அடுத்தது, உள்ளே போன பிறகு யானையின் பெயரைச் சொல்லக்கூடாது. பெயர் சொன்னால் அது கூப்பிட்ட மாதிரி. 'பெரியவர்' என்று மரியாதையாகச் சொன்னால் அவரும் மரியாதையாக ஒதுங்கிப் போவார். நான் மடு மாதாவை நம்புகிற ஆள். ஆனாலும் காட்டுக்குள்ளே வேலாயுதண்ணை சொன்னதைத்தான் கேட்டேன். எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரிப் பழகிப் போயிற்று. "பெரியவர் போறார்", "பெரியவர் குளிக்கிறார்", "பெரியவருக்கு இண்டைக்கு மூட் சரியில்லை". வருகிற சனம் யாரோ அதிகாரி குளிக்கிறார் என்று நினைத்து வெட்கப்பட்டதும் உண்டு. அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

பிறகு பரமசோதி ரேஞ்சர் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். அயன் மடிப்புக் கலையாத சேட், தாழ்ந்த குரல், யாரையும் 'நீங்கள்' என்றுதான் பேசுவார். ஒரேயொரு குணம்: நீட்டிக் கதைத்தால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் ஒரு சம்பவத்தை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்துவார். "கதை வேண்டாம். சாரத்தைச் சொல்லுங்கோ" என்பார். எங்கள் நீண்ட கதையை அவர் ஒரு வரியாக்கி மற்ற வோக்கிகளுக்கு அறிவிப்பார். அந்த வரி கத்தரித்து வைத்த மாதிரி அழகாக இருக்கும், குறை சொல்ல முடியாது.

முதல் தரம் அவர் அப்படிச் சொன்னபோது வேலாயுதண்ணை கட்டியிருந்த சாரத்தைக் குனிந்து பார்த்தார். "என்ர சாரத்துக்கு என்ன ஐயா? நேற்றுத்தானே தோய்ச்சது" என்றார். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கந்தோர் அறைக்கு வெளியே ஓடிவிட்டோம். அன்றிலிருந்து ரேஞ்சருக்கு எங்களிடையே பெயர் 'சாரம் ஐயா'. அது அவருக்கும் தெரியும். கண்டும் காணாமல் விட்டுவிட்டார், நல்ல மனிதர்.

கொப்பு முறிக்கிற விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "பூங்காவுக்குள்ள ஒரு இலை பிடுங்கினாலும் குற்றம், வேலாயுதம். சனத்துக்குச் சொல்லுற நாங்களே அதைச் செய்யலாமோ?" என்று கேட்டார். வேலாயுதண்ணை "சரி ஐயா" என்றார். அடுத்த நாளிலிருந்து தன் வீட்டு வேம்பில் ஒரு கொப்பை முறித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தொங்கவிட்டார். "இது என்ர வளவு வேம்பு. சட்டம் நானாட்டானுக்கும் வருமோ?" என்று என்னிடம் கேட்டுக் கண்ணடித்தார்.

அந்த ரேஞ்சர் வந்து அதிக நாள் ஆகவில்லை. மடுத் திருவிழா முடிந்த கையோடு வெயில் காய்கிற ஒரு நாள் அது. சிலாவத்துறையிலிருந்து வாடகை ஜீப் ஒன்று வந்தது. உள்ளே இரண்டே பேர். மீராசா நானாவும் அவருடைய மகள் பரீதாவும். என்னை அந்த ஜீப்புக்கு வழிகாட்டியாகப் போட்டார்கள்.

மீராசா நானா பழைய கடற்றொழிலாளி. சண்டைக் காலத்தில் எல்லோரோடும் இடம்பெயர்ந்து புத்தளத்தில் கிடந்து, வயது போன பிறகு ஊர் திரும்பியவர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சாரம், காலில் தேய்ந்த பாட்டாச் செருப்பு. வலது குதிப் பக்கம் தேய்ந்து பிறை மாதிரி ஆகியிருந்தது. ஏறும்போது அதைப் பார்த்து, "நானா, இந்தப் பாட்டா உங்களைவிட மூத்தது போல" என்று பகிடி விட்டேன். "ரெண்டு பேரும் ஒண்டாத்தான் பென்சன் எடுக்கிறம் தம்பி" என்றார்.

ஏறி இருந்ததும் கேட்ட முதல் கேள்வி: "செம்மலைக்கு எப்ப போவம்?"

பூங்காவின் மேற்கு ஓரத்தில் காடு முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் செம்மண் மேடு ஒன்று செங்குத்தாக நிற்கிறது. மண் செப்பு நிறம். சனம் வருவது சிறுத்தையையும் கரடியையும் பார்க்க. அந்த மேட்டைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. நான் காரணம் கேட்டேன்.

"கடல்ல இருந்து அத எத்தின தரம் பார்த்திருப்பன் தம்பி. காத்து மாறி, கை ஓய்ஞ்சு வரக்குள்ள அது சிவப்பாத் தெரிஞ்சாத்தான் எங்களுக்கு உசிர் வரும். ஆனா ஒருநாளும் அதில ஏறி நிண்டதில்ல. ஒருக்கா அங்க நிண்டு கடலைப் பார்க்கோணும். நாங்க எவ்வளவு சின்னதாத் தெரிஞ்சிருப்பம் எண்டு பார்க்கத்தான்."

பரீதா சிரித்தார். "அண்ணன், புத்தளத்தில இருந்த காலத்தில இருந்து இதே கதைதான். இண்டைக்குக் கொண்டுபோய்க் காட்டாட்டி என்னை வீட்டில இருக்க விடமாட்டார்."

காலையில் வில்லுப் பக்கம் போனோம். வில்லு என்றால் எங்கள் காட்டில் மழைத் தண்ணீர் தானாகத் தேங்கி நிற்கிற பெரிய பள்ளம். சுற்றிவர வெள்ளை மணல், அதற்கப்பால் புல், அதற்கப்பால் காடு. அன்று தண்ணீர் வற்றி நடுவில் சுருங்கிக் கிடந்தது. புள்ளிமான் கூட்டம் ஒன்று கரையில் நின்றது. சங்குவளை நாரைகள் சேற்றில் நடந்தன. ஒரு முதலை வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்தது. நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்து விட்டேன். நானா மரியாதைக்காகத் தலையாட்டினார். "மான் வடிவுதான் தம்பி. கடல் எப்ப வரும்?" என்றார்.

பூங்காவுக்குள் கண்ட இடத்தில் இறங்க முடியாது. சாப்பிடவும் முகம் கழுவவும் இறங்க அனுமதி உள்ள இடம் ஒன்று உண்டு, பழைய பங்களா வளவு. மதியம் அங்கே நிறுத்தினோம். அங்கிருந்துதான் கடற்கரைப் பாதை பிரியும். சாரதி இறங்கிப் போய் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மணல் பொருபொரு என்று கிடக்கிறது, வாடகை ஜீப்பின் முன்சில்லு இழுக்காது, புதைந்தால் பொழுதுபடுவதற்குள் வெளியே வர முடியாது. அவர் சொன்னது சரி. நான் நானாவிடம் போய்ச் சொன்னேன்.

"நானா, இண்டைக்கு ஏலாது போல கிடக்கு. மழைக்குப் பிறகு மணல் இறுகும். அப்ப வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. கோபமோ வருத்தமோ எனக்குத் தெரியவில்லை. "நான் லுஹரைத் தொழுதிட்டு வாறன். நீங்க சாப்பிடுங்க." குழாயில் கைகால் முகம் கழுவிக்கொண்டு சால்வையோடு ஒரு பாலை மரத்துக்குப் பின்னால் போனார். ஒரு மனிதர் தொழுகிற இடத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நானும் சாரதியும் அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் இருந்தோம். பரீதா தகப்பனின் இடியப்பப் பார்சலை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "வாப்பா வரட்டும்" என்றார்.

வாப்பா வரவில்லை. எழும்பிப் போய்ப் பார்த்தோம். மரத்தடியில் சால்வை மடித்து வைத்திருந்தது.

கூப்பிட்டோம். பதில் இல்லை. வோக்கியில் ரேஞ்சருக்குச் சொன்னேன். அவர் பதறவில்லை. "மகளை என்னட்டை அனுப்புங்கோ, பிக்கப் வருது. நான் உள் பாதைகளைப் பார்க்கிறன். நீங்கள் கடற்கரைப் பக்கம் பாருங்கோ" என்றார். பிறகு எல்லா வோக்கிக்கும் அவருடைய ஒற்றை வரி போயிற்று: "வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தவறிவிட்டார். கண்டால் அறிவிக்கவும்."

அந்த வரியில்தான் அந்தச் சொல் வந்தது. அவருடைய ஊரில் வயது போன மனிதரைப் பெரியவர் என்று சொல்வது மரியாதை. அதில் என்ன பிழை? வந்து கொஞ்ச நாளான மனிதருக்கு எங்கள் காட்டுப் பாஷையை நாங்கள் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூச்சு விடுவதை யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? வேலாயுதண்ணை அந்த நேரம் வேறொரு ஜீப்போடு கிழக்குப் பக்கம் நின்றார். அங்கே வோக்கி எடுக்காது. அந்த அறிவிப்பு அவர் காதில் விழவேயில்லை.

மணல் பாதையில் நான் முன்னால் நடந்தேன், சாரதி ஓடக்கூடிய மட்டும் பின்னால் ஜீப்பை ஊர விட்டார். கொஞ்சத் தூரத்தில் பாட்டாச் செருப்பின் தடம் கிடைத்தது. வலது குதியில் பிறை. எனக்கு உயிர் வந்தது. செம்மலைப் பக்கம்தான் போகிறது. மனிதர் நிதானமாக நடந்திருக்கிறார், ஓடவில்லை, தடுமாறவில்லை. இரண்டு இடத்தில் நிழலில் நின்று போயிருக்கிறார். போகப்போகத் தடத்தின் விளிம்பு உதிராமல் இருந்தது, அதாவது கிட்ட வந்துவிட்டேன். "நானா, உங்களைப் பிடிச்சன் எண்டா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போதுதான் வோக்கி பேசியது. ரேஞ்சரின் குரல். அவர் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒரு சந்தோசம்.

"பெரியவர் கிடைச்சிட்டார். வில்லடியில. எல்லாரும் தேடுறதை விட்டிட்டுத் திரும்புங்கோ. மரியதாஸ், நீங்களும் வில்லடிக்கு வாங்கோ."

நான் தடத்தைப் பார்த்தேன். அது முன்னால்தான் போகிறது. வில்லு எனக்குப் பின்னால். மனிதர் சுற்றிக்கொண்டு போயிருப்பார், காட்டுக்குள் தவறுகிறவர்கள் வட்டம் அடிப்பது வழமை என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. கிடைச்சிட்டார் என்று ரேஞ்சர் சொன்ன பிறகு மேலே நடக்க யாருக்குத் தோன்றும்? சாரதி என் முதுகில் தட்டினார். நாங்கள் திரும்பினோம். வழி நெடுக அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

வில்லுக் கரையோரமாகப் பாதை வளைகிறது. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கம் நின்ற ரேஞ்சரின் பிக்கப்புக்கு அருகே நிறுத்தினோம். எதிரே தூரத்தில், ஒரு வீரை மரத்தின் கீழ், கிழக்கிலிருந்து திரும்பி வந்த வேலாயுதண்ணையின் ஜீப் நின்றது. அவர் எழும்பி நின்று இரண்டு கையையும் ஆட்டினார். இங்கேதான் இருக்கிறார் என்று காட்டுகிறார் என நினைத்தோம்.

பரீதா யாரும் சொல்லும் முன்பே பிக்கப்பின் கதவைத் திறந்து இறங்கினார். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மற்றக் கையில் அந்த இடியப்பப் பார்சல்.

"வாப்பா! எங்க போனீங்க வாப்பா? வாப்பா!"

புல்லுக்கு அப்பால் பற்றை அசைந்தது. பரீதா இரண்டு அடி முன்னால் வைத்தார். பற்றையை விலக்கிக்கொண்டு வந்தது ஒரு தனியன் யானை. நாங்கள் வந்த பாதையிலேயே ஏறி, குறுக்கே நின்றது. காதை ஒருமுறை விரித்தது. ரேஞ்சர் பாய்ந்து பரீதாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். போத்தல் விழுந்து உருண்டது.

பரீதாவுக்கு அப்போதும் பயம் வரவில்லை. அந்த மிருகத்துக்குப் பின்னால் வாப்பா நிற்கிறார் என்று எட்டி எட்டிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் வேலாயுதண்ணையின் ஜீப் மெதுவாக மணலில் சுற்றி எங்களிடம் வந்தது. பரீதா அவரைக் கேட்டார்.

"அண்ணன், வாப்பா எங்க?"

வேலாயுதண்ணை முழித்தார். "எந்த வாப்பா, பிள்ளை?"

ஐயோ, அந்த நேரத்தை நான் என்னவென்று எழுத? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலாயுதண்ணையைப் பார்த்தேன், பாதையில் நின்ற யானையைப் பார்த்தேன். வோக்கியில் வந்த 'பெரியவர்' அதுதான். ரேஞ்சருக்கு விளங்கக் கொஞ்சம் பிந்தியது. விளங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"மரியதாஸ், எவ்விடத்தில விட்டிட்டு வந்தனீங்கள்?"

"செம்மலைப் பாதையில ஐயா. கிட்டப் போயிட்டன்."

அந்தப் பாதையில்தான் அது நிற்கிறது. வேறு வழி இல்லை. ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் முள்ளுக்காடு. தனியன் குறுக்கே நின்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதைத்தான் நாங்கள் எல்லோருக்கும் படிப்பிக்கிறோம். எஞ்சினை நிறுத்து. ஹோர்ன் அடிக்காதே. கத்தாதே. அது போகும்வரை இரு.

இருந்தோம். அது தன்பாட்டில் மணலை அள்ளி முதுகில் போட்டது. ஒரு காலை மடக்கி நின்று இளைப்பாறியது. தண்ணீருக்குப் போவது போல் திரும்பி, பிறகு மனம் மாறி, மறுபடி பாதைக்கே வந்தது. வெயில் சாயத் தொடங்கியது. நான் அடித்துத் துரத்தலாமா என்று கேட்டேன், ரேஞ்சர் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. அவர் செய்தது சரி. இத்தனை பேரை வைத்துக்கொண்டு யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனாலும் அன்று அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

பரீதா அழவில்லை. பார்சலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வேலாயுதண்ணை ஜீப்பின் மேல் எழும்பி நின்று, இடுப்பில் கிடந்த துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரிக் கும்பிட்டார்.

"ஐயா, கும்பிடுறன் ஐயா. வழி விடுங்கோ. இந்தப் பிள்ளையின்ர தேப்பன் அங்கால நிக்கிறார். எங்கட பிழையைப் பாராதேங்கோ. போங்கோ ஐயா, போங்கோ ராசா."

குரல் உடைந்து உடைந்து வந்தது. அது கேட்டுப் போனதா, போகிற நேரம் வந்து போனதா, நான் சொல்ல மாட்டேன். போயிற்று.

ரேஞ்சரின் பிக்கப் நான்கு சில்லும் இழுக்கும். மணலை அடித்துக்கொண்டு போனோம். நான் விட்ட இடத்திலிருந்து தடத்தைப் பிடித்தேன். அது அதிக தூரம் போகவில்லை. செம்மலையின் அடிவாரத்தில், கடைசி ஏற்றத்துக்குக் கீழே, ஒரு சின்ன மரத்தின் நிழலுக்குத் தலையை வைத்து மீராசா நானா பக்கவாட்டில் படுத்திருந்தார். வெயிலும் வயதும். உடம்பில் ஒரு காயமில்லை. தொட்டேன். இன்னும் விறைக்கவில்லை.

பரீதா பக்கத்தில் இருந்து தகப்பனின் முகத்தில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணை முக்காட்டின் நுனியால் துடைத்தார். அழுது முடிக்க நேரம் எடுத்தது. பிறகு ரேஞ்சரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சேர், வாப்பா மேல ஏறி கடலைப் பார்த்திருப்பாரா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். நானென்றால் சொல்லியிருப்பேன். ரேஞ்சர் குனிந்து தடத்தைப் பார்த்தார்.

"தெரியாது தங்கச்சி. தடம் இதுவரைக்கும்தான் இருக்கு. ஆனா இது கடல் கேக்கிற இடம்" என்றார்.

நாங்கள் எல்லோரும் காது கொடுத்தோம். கேட்டது.

அடுத்த நாள் காலை நான் வேலைக்கு வந்தபோது வாசல் மரத்தில் இரண்டு கொப்புத் தொங்கின. ஒன்று வேலாயுதண்ணையின் வேம்பு. மற்றது பாலை, பூங்காவுக்குள் முறித்தது, பால் இன்னும் காயவில்லை. யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் அன்று வந்திருந்தது ரேஞ்சர் மட்டும்தான்.

விசாரணை கந்தோரில் நடந்தது. பரீதாவும் வந்து ஒரு கதிரையில் இருந்தார். மேலிடத்திலிருந்து வந்தவர்கள் கேட்பதற்கு முன்பே ரேஞ்சர் எழும்பி, வோக்கியில் கேட்டதைத் தான் கேட்டபடி சொல்லாமல் 'கிடைச்சிட்டார்' என்று தன் சொல்லில் சொன்னதாகவும், பிழை தன்னுடையது என்றும் சொல்லிவிட்டார். பிறகு வேலாயுதண்ணையைப் பார்த்தார்.

"வேலாயுதம், அண்டைக்கு நீங்கள் சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ. சாரம் வேண்டாம்."

இந்தத் தரம் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"பெரியவர் வில்லடியில, பாதையில நிக்கிறார். தனிய நிக்கிறார். ஒருத்தரும் இஞ்சால வரவேண்டாம்." கடைசி வசனம் ரேஞ்சருக்குக் கேட்டிருக்கவில்லை. வோக்கி இடையில் அறுந்திருக்கிறது.

"பெரியவர் எண்டு ஆரைச் சொன்னனீங்கள்?"

வேலாயுதண்ணை வாயைத் திறந்தார், மூடினார். யன்னலால் காட்டைப் பார்த்தார். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து காட்டுப் பக்கம் வைத்து அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பரீதாதான் பேசினார்.

"சொல்லுங்க அண்ணன். நான் உங்களையும் ஏச மாட்டன், அதையும் ஏச மாட்டன்."

"ஆனை" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் காட்டுக்குள் போகவில்லை. "பேரைச் சொல்லிப்போட்டன் தாசன், இனி என்ர கால் உள்ளுக்கு வராது" என்று உடுப்பை மடித்துக் கொடுத்துவிட்டு நானாட்டானுக்குப் போய் வயலைப் பார்த்தார். எத்தனையோ தரம் கெஞ்சினேன். திருவிழாவுக்கு மடுவில் கண்டால், "என்ன, இன்னும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறியோ?" என்று கேட்பார். வெற்றிலைச் சிரிப்புத்தான், கண்ணில் சிரிப்பு இருக்காது. இப்போது அவர் இல்லை.

ரேஞ்சரின் குணம் மாறிவிட்டது. வோக்கியில் யார் என்ன சொன்னாலும் கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் சரி என்ற பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். மானை மான் என்று, யானையை யானை என்று சொல்ல வேண்டும். நாங்கள் நீட்டிக் கதைத்தால் கையை உயர்த்துவதை விட்டுவிட்டார். ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். மற்றவர்கள் கொஞ்ச நாளில் பழையபடி 'பெரியவர்' என்று தொடங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. விசாரணையில் என் பக்கம் பிழை இல்லை என்று எழுதினார்கள், நானும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இப்போதும் மணலில் யாராவது பாட்டாவோடு நடந்த தடத்தைக் கண்டால் குதியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

தம்பிமாரே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவும்தான். ஆனால் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் சொன்னதேயில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு தரம் சொன்னேன்.

பரீதா வருடாவருடம் பூங்காவுக்கு வருவார். ரிக்கற் எடுத்து, எல்லோரையும் போல ஜீப்பில் ஏறி வருவார். என்னைத்தான் கேட்பார். முதல் வருடம் நான் செம்மலைக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டேன். "அங்க வேணாம் அண்ணன். வில்லடிக்குப் போவம்" என்றார். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. வருடம் தவறாமல் அதே இடத்தில் ஜீப்பை நிறுத்துவோம். அவர் மானையோ நாரையையோ பார்ப்பதில்லை. அந்தப் பற்றையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு போவோம் என்பார்.

நான் ஓய்வு பெறுகிற வருடம் வந்தபோது சொன்னேன், அடுத்த முறை நான் இருக்க மாட்டேன் என்று. கேட்டும் விட்டேன்.

"ஏன் தங்கச்சி இஞ்ச வாறனீங்கள்? வாப்பா இஞ்ச வந்து நிக்கவேயில்லையே."

"அங்க வாப்பா மவுத்தான இடம் அண்ணன்" என்றார். "இது வாப்பா கிடைச்சிட்டார் எண்டு நான் இறங்கி ஓடின இடம். வாப்பா உசிரோட இருக்கிறார் எண்டு நான் கடைசியா நம்பினது இங்க நிண்டுதான்."

நான் வில்லுப் பக்கம் பார்த்தேன். தண்ணீர் அன்று நிறைய இருந்தது. மறுகரையில் ஒரு யானை கன்றோடு நின்றது. அவரும் கண்டார்.

"அண்ணன், அண்டைக்கு அந்த வேலாயுத அண்ணன் வோக்கியில என்ன சொன்னார்? எங்களுக்குக் கேட்ட மட்டும் ஒருக்காச் சொல்லுங்க. கடைசி வசனம் வேணாம்."

மறுகரை யானையைப் பார்த்தபடி சொன்னேன்.

"பெரியவர் வில்லடியில, பாதையில நிக்கிறார். தனிய நிக்கிறார்."

"ம்" என்றார் பரீதா. அந்தப் பற்றையை இன்னொருமுறை பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சரி அண்ணன், போவம்" என்றார்.